மின்கழிவு: சட்டம் இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் எங்கே? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஓடாத மிக்சி, படம் தெரியாத டிவி, திரை உடைந்த போன். இவற்றைச் சேகரிப்பதற்கும் மறுசுழற்சி செய்வதற்கும் இந்தியாவில் என்ன ஏற்பாடு இருக்கிறது, அரசு வேறென்ன செய்யலாம் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும்.

எதெல்லாம் மின்கழிவு?

மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்கும் எந்தப் பொருளையும் இனி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டால் அது மின்கழிவுதான். முந்தைய விதிகளின் பட்டியலில் 21 வகைப் பொருள்களே இருந்தன. 2022 விதிகள் அதை 106 ஆக்கின. கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, விளையாட்டுப் பொம்மை, மருத்துவக் கருவி, சோலார் பேனல் என்று வீட்டிலும் வெளியிலும் இருக்கும் பெரும்பாலானவை இப்போது உள்ளே வந்துவிட்டன. பேட்டரிக்கு மட்டும் அதே 2022 இல் தனி விதிகள் போட்டார்கள்.

எவ்வளவு உருவாகிறது, அதில் எவ்வளவு சேருகிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2021-22 இல் இந்தியாவில் 16.01 லட்சம் டன் மின்கழிவு உருவானது. அதில் 5.27 லட்சம் டன் சேகரித்துப் பதப்படுத்தப்பட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2023-24 இல் உருவான அளவு 17.51 லட்சம் டன்னாக ஏறியது. உலக அளவில் 2022 இல் 6.2 கோடி டன் உருவாகி, 22.3 சதவீதம் மட்டுமே முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவாகியிருக்கிறது.

இந்த எண்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்கவேண்டும். 'உருவான கழிவு' என்பதை யாரும் தராசில் வைத்து நிறுக்கவில்லை. எந்த வருடம் எத்தனை பொருள் விற்றது, ஒவ்வொன்றின் சராசரி ஆயுள் என்ன என்பதை வைத்துப் போடும் மதிப்பீடு அது. உங்கள் பரணில் பன்னிரண்டு வருடமாகத் தூங்கும் மானிட்டரும் அந்தக் கணக்கில் எப்போதோ கழிவாகிவிட்டது. 21 வகைகளைக் கொண்டு போட்ட 2021-22 கணக்கில் கிரைண்டரும் மின்விசிறியும் வரவே இல்லை.

அதுதான் காயலான் கடைக்காரர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறாரே? அது மறுசுழற்சி இல்லையா?

பாதி ஆமாம், பாதி இல்லை. இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

சேகரிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாசலுக்கே வருகிறார், எடை போடுகிறார், கையில் காசு கொடுக்கிறார். எந்தப் படிவமும் கேட்பதில்லை. அவரிடமிருந்து மொத்த வியாபாரிக்குப் போகிறது, அப்புறம் பொருள் பிரிகிறது. பழுது பார்த்து ஓட வைக்க முடிந்தது ஒரு பக்கம், உதிரி பாகத்துக்கு ஆகிறது ஒரு பக்கம். இதுவரை எல்லாம் நல்லதே. வீணாகாமல் பொருளை இவ்வளவு நுணுக்கமாகத் தரம் பிரிப்பதை எந்த இயந்திரமும் செய்துவிடாது.

பிரச்சினை அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. செம்பு வேண்டுமென்று வயர்களைத் திறந்தவெளியில் எரிக்கிறார்கள். பிவிசி உறை எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் வருகின்றன. மதர்போர்டுகளைச் சூடாக்கி ஈயப் பற்றைக் கழற்றி, மிச்சத்தை ஆசிட்டில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கிறார்கள். டெல்லியில் சீலம்பூர் இந்தத் தொழிலுக்குப் பேர்போன இடம். உத்தரப் பிரதேசத்தில் பித்தளை நகரம் என்று பெயரெடுத்த முராதாபாத், போர்டுகளை எரித்து உலோகம் எடுக்கும் ஊராகவும் மாறியது. எரித்த கரும்பொடியை ராம்கங்கா ஆற்றங்கரையில் கொட்டினார்கள். கொட்டுவோருக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று 2017 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிடும் அளவுக்கு அது போனது.

இதோடு இன்னொன்று. விலை போகும் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது. ஃபிரிட்ஜில் கம்ப்ரசருக்கு விலை உண்டு, அதற்குள் இருக்கும் வாயுவுக்கு இல்லை. குழாயை வெட்டினால் வாயு காற்றில் போய்விடும். யாரும் கேட்பதில்லை.

பதிவு பெற்ற ஆலையைவிட இந்தச் சங்கிலியால் உங்களுக்கு அதிகக் காசு கொடுக்க முடிவதன் ரகசியமும் இதுதான். புகைவடிகட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொழிலாளிக்கு முகக்கவசம் என்று ஆலை செய்யும் செலவு எதுவும் இங்கே இல்லை. அந்தச் செலவை ஆசிட் தொட்டியருகே நிற்கும் கூலியாளின் நுரையீரலும் ஆற்றங்கரைக் கிணறுகளும் ஏற்கின்றன. ரெய்டு போனால் தெரு மாறும், தொழில் மாறாது. இந்த விலை வித்தியாசத்தை யாராவது ஈடுகட்டாத வரை எந்த விதியும் காகிதத்தில்தான் இருக்கும்.

சட்டம் என்னதான் சொல்கிறது?

மின்கழிவுக்கென்று தனி விதிகள் 2011 இல் அறிவிக்கப்பட்டு, 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 'பொருளை விற்றவரே அதன் கடைசிக் காலத்துக்கும் பொறுப்பு' என்ற உற்பத்தியாளர் பொறுப்பு அப்போதே உள்ளே வந்தது. ஆனால் எவ்வளவு சேகரிக்கவேண்டும் என்ற இலக்கு இல்லை. இலக்கில்லாத பொறுப்பை யார் மதிப்பார்கள்?

2016 விதிகள் இலக்கைக் கொண்டுவந்தன. 2018 திருத்தம் அதை 10 சதவீதத்தில் தொடங்கி வருடாவருடம் ஏற்றும்படி மாற்றியது. இப்போது நடப்பில் இருப்பவை 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகள். உற்பத்தியாளர், பிராண்ட் உரிமையாளர் அல்லது இறக்குமதியாளர், பழையதைச் சரிசெய்யும் புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்று நான்கு தரப்பு மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். முந்தைய விதிகளில் தனித்தனியாக இடம்பெற்றிருந்த சேகரிப்பு மையமும் பிரித்தெடுப்பவரும் இந்தப் பதிவுப் பட்டியலில் இல்லை. நடைமுறையை எளிமையாக்கத்தான் இப்படிச் செய்தார்கள். என்னைக் கேட்டால், வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவே இருக்கும் ஆளையே விதியின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள்.

சான்றிதழ் விற்பனை என்கிறார்களே, அது என்ன?

ஒரு நிறுவனம் ஃபிரிட்ஜ் விற்கிறது. ஃபிரிட்ஜின் ஆயுள் 10 வருடம் என்று வைத்திருக்கிறார்கள். 2013-14 இல் அது 1,000 டன் ஃபிரிட்ஜ் விற்றிருந்தால் 2023-24 இல் அதில் 60 சதவீதம், அதாவது 600 டன் மறுசுழற்சி ஆனதாகக் காட்டவேண்டும். இந்த விகிதம் 2025-26 முதல் 70, 2027-28 முதல் 80 சதவீதம்.

நிறுவனமே போய் 600 டன் ஃபிரிட்ஜைத் தேடிப் பிடிக்கவேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் மீட்டெடுத்த உலோகத்தின் அளவைப் பொறுத்து இணையதளத்தில் அவருக்குச் சான்றிதழ் உருவாகும். நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கை நேர் செய்யலாம். ஆலைக்கு உலோகம் விற்ற காசோடு சான்றிதழ்க் காசும் சேர்கிறது. மேலே சொன்ன விலை வித்தியாசத்தை ஈடுகட்டக்கூடிய பணம் இதுதான்.

யோசனை நல்ல யோசனை. இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, கணக்கு தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நான்கு உலோகங்களையே சுற்றி வருகிறது. ஹார்டு டிஸ்க் காந்தத்தில் இருக்கும் நியோடிமியம் என்ற அருமண் உலோகத்தை எடுக்க மெனக்கெடும் ஆலைக்குத் தனிப் பலன் இல்லை. முக்கியக் கனிமங்களை மீட்கும் மறுசுழற்சிக்கு ஊக்கத்தொகையாக 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கலாம். இரண்டாவது ஓட்டை பெரியது: ஆலைக்குச் சரக்கு எங்கிருந்து, யார் கை வழியாக வந்தது என்பதற்கு இந்த முறையில் மதிப்பெண் கிடையாது.

போலிச் சான்றிதழ் வந்தால்?

வரும். பிளாஸ்டிக் கழிவுக்கு இதே போன்ற முறை இருக்கிறது. அங்கே 2023 இல் ஒருசில மறுசுழற்சி நிறுவனங்கள் மட்டுமே சேர்ந்து சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை மத்திய வாரியம் கண்டுபிடித்தது. மின்கழிவிலும் ஆலையின் மின்சார பில், உள்ளே வந்த சரக்கின் வரி ரசீது, வெளியே போன உலோகத்தின் ரசீது மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலான மோசடி தெரிந்துவிடும். இதற்குத் தணிக்கையாளர்கள் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் ஆள் பற்றாக்குறை என்பது ஊரறிந்த விஷயம்.

சான்றிதழின் குறைந்தபட்ச விலை தொடர்பாக நிறுவனங்கள் நீதிமன்றம் போனது ஏன்?

சான்றிதழ் விலை தரைமட்டத்துக்கு இறங்கினால் முறையாகச் செய்பவர் நஷ்டப்படுவார், காகிதம் விற்பவர் பிழைப்பார். அதனால் 2024 இல் அரசு ஒரு வரம்பு வைத்தது: இலக்கை எட்டாத நிறுவனம் கட்டவேண்டிய சுற்றுச்சூழல் இழப்பீட்டில் 30 சதவீதத்துக்குக் குறையாமல், 100 சதவீதத்துக்கு மிகாமல் விலை இருக்கவேண்டும். வீட்டு உபயோக மின்பொருளுக்கு இது கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் ஆகிறது. முன்பு கொடுத்துவந்ததைப் போலப் பல மடங்கு என்று டைகின், வோல்டாஸ், எல்ஜி, சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. தனியார் இருவர் பேசி முடிக்கும் விலையில் அரசு ஏன் தலையிடவேண்டும் என்பது அவர்கள் தரப்பு.

கரும்புக்கு ஆதார விலை வைக்கும் நாட்டில் இந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. நான் கேட்பது வேறு: அந்த 22 ரூபாயில் எத்தனை பைசா தள்ளுவண்டிக்காரருக்கு வந்து சேரும்? விதியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆலை வாங்கும் சரக்குக்கு இன்ன விலைக்குக் குறையாமல் சேகரிப்பவருக்கு வங்கி வழியாகப் பணம் போயிருக்கவேண்டும், அப்படிப் போனால்தான் சான்றிதழ் என்று ஒரு நிபந்தனை சேர்த்தாலே நிலைமை நிறைய மாறும்.

மற்ற நாடுகள் எப்படிச் சேகரிக்கின்றன?

சுவிட்சர்லாந்தில் வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணம் விலையோடு சேர்ந்துவிடுகிறது. 1994 இல் தொழில்துறையே தொடங்கிய ஏற்பாடு, 1998 இல் சட்டமானது. எந்தக் கடை எந்த வகைப் பொருளை விற்கிறதோ அந்த வகைப் பழைய பொருளை இலவசமாக வாங்கிக்கொண்டே ஆகவேண்டும். நீங்கள் அங்கே புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இன்னும் குறிப்பாக இருக்கிறது. 400 சதுர மீட்டருக்கு மேல் மின்பொருள் விற்பனைப் பரப்பு உள்ள கடைகள் 25 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு பொருள்களை யார் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளவேண்டும். அங்கேயும் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துவிடவேண்டாம். முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாகச் சந்தைக்கு வந்த எடையில் 65 சதவீதம் சேகரிக்கவேண்டும் என்ற 2019 இலக்கை உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவை எட்டவில்லை.

ஜப்பான் 2001 முதல் டிவி, ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற பெரிய பொருள்களைத் தூக்கிப்போடும் நேரத்தில் கட்டணம் வாங்குகிறது. ஒழுங்குக்குப் பேர்போன அந்த நாட்டிலேயே சிலர் கட்டணத்துக்குப் பயந்து மலைப்பாதையோரம் வீசிவிட்டுப் போகிறார்கள். தென் கொரியாவிலும் முன்பு கட்டணம் இருந்தது. 2012 இல் சோலில் தொடங்கி, பெரிய பொருள்களை வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துப்போகும் சேவையாக மாற்றினார்கள்.

பழைய டிவியை எடுத்துப்போக நீங்கள் காசு கொடுங்கள் என்று நம் ஊரில் சொல்லிப் பாருங்கள். இங்கே ஜப்பான் வழி முதல் நாளே படுத்துவிடும். பழைய பொருளுக்குக் காசு எதிர்பார்ப்பது நமக்குப் பல தலைமுறைப் பழக்கம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்த ஊர் இது. வாங்கும்போது கொஞ்சம் முன்பணம், பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பணம் கைக்கு வருவது என்ற ஏற்பாடுதான் இங்கே எடுபடும். 2016 விதிகளிலேயே இதை ஒரு வாய்ப்பாகச் சேர்த்திருந்தார்கள். கட்டாயமாக்காததால் நிறுவனங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

தேசிய விதிகள் வருவதற்கு முன்பே, 2010 இல், தமிழ்நாடு அரசு ஒரு மின்கழிவுக் கொள்கையை வெளியிட்டது. அந்த வகையில் முன்னோடி மாநிலம். ஆனால் அதே அரசின் இன்னொரு கை செய்ததைப் பார்ப்போம்.

2006 முதல் 2011 வரை திமுக ஆட்சியில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிகள் இலவசமாக வழங்கப்பட்டன. எல்லாம் படக்குழாய் டிவிகள். 2011 க்குப் பிறகு அதிமுக ஆட்சியில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. கூடவே மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள். இலவசம் சரியா தவறா என்ற பழைய பட்டிமன்றத்துக்குள் நான் போகவில்லை. கிரைண்டரால் குனிந்து ஆட்டும் வேலை குறைந்தது, லேப்டாப்பால் பல வீடுகளில் முதல் முறையாகக் கணினி நுழைந்தது, அதெல்லாம் உண்மை. ஆனால் பல கோடி மின்பொருள்களை மொத்தமாகக் கொள்முதல் செய்து வீடுதோறும் சேர்த்த அரசு, அவை பழுதானால் எங்கே கொடுக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த டிவிகள் இப்போது எங்கே? படக்குழாயின் பின்புறக் கூம்புக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். முன்பு அந்தக் கண்ணாடியை உருக்கிப் புதுப் படக்குழாய் செய்தார்கள். தட்டைத் திரை வந்தபின் அதற்கு வாங்குவோர் இல்லை. பழைய இரும்புக் கடையில் குழாயின் கழுத்திலிருக்கும் செம்புச் சுருளையும் உள்ளே இருக்கும் போர்டையும் எடுத்துக்கொண்டால், கண்ணாடி வெறும் சுமைதான். அது குப்பைமேட்டுக்கோ ஓடைக்கரைக்கோ போகிறது. ஆலைக்குப் போய்ச் சேர வண்டி வாடகையாவது யாராவது கொடுக்கவேண்டும்.

2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மீண்டும் அறிவிப்பு வந்தது. சரி, கொடுக்கட்டும். ஒப்பந்தப் புள்ளியிலேயே, சப்ளை செய்யும் நிறுவனம் ஐந்தாறு வருடம் கழித்து மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். புதிய சட்டம் தேவையில்லை, டெல்லியைக் கேட்கவேண்டியதில்லை. வாங்குபவர் அரசு. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்த நிறுவனம் மறுக்கும்?

பக்கத்து மாநிலம் எதுவும் செய்கிறதா?

கேரளாவைப் பார்க்கலாம். அங்கே வீடு வீடாகப் போய் மக்காத குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனை என்ற பெண்கள் படை இருக்கிறது. 2025 முதல் நகரப் பகுதிகளில் அவர்களே மின்கழிவையும் எடுக்கிறார்கள். இனாமாக எடுப்பதில்லை, பொருளுக்குத் தகுந்த விலை கொடுக்கிறார்கள். அரசின் க்ளீன் கேரளா கம்பெனி அதை வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புகிறது. ஏற்கெனவே வாசலில் வந்து நிற்கும் ஆளையே பயன்படுத்திக்கொண்டதுதான் இதில் சாமர்த்தியம். நம் உள்ளாட்சிகளில் தூய்மைப் பணியாளர்கள் தினமும் வாசலுக்கு வருகிறார்கள். மாதத்தில் ஒரு நாள், ஒரு தராசு, ஒரு விலைப்பட்டியல் இருந்தால் இங்கேயும் முடியும். அதற்கான கூலியைத் தனியாகக் கொடுக்கவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது.

பழுது பார்த்தால் கழிவே குறையுமே?

குறையும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் எந்த போர்டையும் உயிர்ப்பிக்கும் ஆட்கள் கிடைப்பார்கள். உதிரி பாகமும் சர்க்யூட் வரைபடமும் கிடைக்காததுதான் அவர்களுக்குத் தடை. பிரான்ஸ் 2021 முதல் போன், லேப்டாப் போன்றவற்றின் மேல் எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் ஒட்டச் சொல்லிவிட்டது. இந்தியாவிலும் நுகர்வோர் துறை இப்படி ஒன்றைக் கொண்டுவரும் பேச்சைத் தொடங்கியிருக்கிறது. 2022 விதிகளில் புதுப்பிப்பவருக்கும் சான்றிதழ் உண்டு, அது நிறுவனத்தின் மறுசுழற்சிக் கடமையைத் தள்ளிப்போட உதவும். ஆனால் ரிச்சி தெருவின் ஒற்றை மேசைக் கடைக்காரர் அந்த இணையதளத்தில் பதிவு செய்வார் என்று யாராவது நினைத்தால், அவர் ரிச்சி தெருவைப் பார்த்ததில்லை.

போனிலிருந்து தங்கம் கிடைக்குமாமே?

ஒரு டன் போன்களில் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். ஒரு டன் தாதுவில் சில கிராம்தான் கிடைக்கும் என்பதால் இது பெரிய அளவு. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானில் 62 லட்சம் போன்கள் உட்பட 78,985 டன் பழைய பொருள்களைச் சேகரித்து 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். உங்கள் ஒரு போனில் இருப்பது பொட்டளவு. வீட்டில் ஆசிட் வைத்து எடுக்கச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து நம்பவேண்டாம்.

வெளிநாட்டுக் கழிவும் இங்கே வருகிறதா?

அகற்றுவதற்காகக் கழிவை இறக்குமதி செய்ய இந்தியா அனுமதிப்பதில்லை. 'பயன்படுத்திய பொருள்' என்ற பெயரில் வருவதுதான் தலைவலி. அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான பாசல் உடன்படிக்கையின் திருத்தப்படி, 2025 ஜனவரி 1 முதல் எந்த மின்கழிவையும், ஆபத்தானதோ இல்லையோ, பெறும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் அனுப்பக்கூடாது.

இப்போது என் வீட்டில் இருப்பதை என்ன செய்வது?

ஓடுகிற பொருளென்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஓடாததென்றால், அந்த பிராண்டின் இணையதளத்தில் பழையதைத் திரும்பப் பெறும் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியலை வெளியிடுகிறது. காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் பலர் இருக்கிறார்கள், ஆனால் ஒரு மிக்சிக்காக யாரும் வண்டி அனுப்பமாட்டார்கள். குடியிருப்போர் சங்கம் வழியாகச் சேர்த்து வைத்துக் கூப்பிட்டால் வருவார்கள். போனைக் கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்க்கவோ குப்பைத்தொட்டியில் போடவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

நீங்கள் வேலை செய்யும் அலுவலகமோ கல்லூரியோ வங்கியோ ஒரே வருடத்தில் 1,000 மின்பொருள்களுக்குக் குறையாமல் பயன்படுத்தினால், அது விதிப்படி 'மொத்த நுகர்வோர்'. பழையதைப் பதிவு பெற்றவரிடம் மட்டுமே கொடுக்கவேண்டும். பழைய கணினிகளை ஏலத்தில் அதிக விலை கேட்டவருக்கே விடுவது பல அரசு அலுவலகங்களில் இன்றும் வழக்கம். அடுத்த ஏல அறிவிப்பு உங்கள் மேசைக்கு வந்தால், கேட்பவரின் பதிவு எண் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.